வெள்ளிக்கிழமை அட்டமி

2013 ஜூலையில் இந்தோனேசியாவிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகேற நின்ற என் தம்பி பிரதாபனை, பாரிசிலிருந்து போன் எடுத்து நான்தான் மறித்தேன். அன்று அட்டமி. இரண்டு நாள் பொறுத்து அடுத்த படகில் ஏறி, இருபதாம் தேதி போய்ச் சேர்ந்தான். இனிப் படகில் வருபவர் எவருக்கும் அந்த நாட்டில் ஒருபோதும் இடமில்லை என்று அரசு அறிவித்தது பத்தொன்பதாம் தேதி. அதன்பின் அங்கே ஆட்சிகள் மாறின, அந்த முடிவு மாறவில்லை. பப்புவா நியூகினிக்கு அனுப்பப்பட்டவன் இன்னமும் அங்கேயே ஓர் அறையில் கிடக்கிறான்.

நேற்று மத்தியானம் பாரிஸ் லா சப்பலில் நான் வேலை செய்யும் கடைக்கு மரக்கறி இறக்கும்போது அழைத்தான்.

"அண்ணை, ஊருக்கே திரும்பிப் போறன் எண்டு கையெழுத்து வைக்கப்போறன். இனி ஏலாது."

"அங்கை ஆமிக்காரர் உன்னை இன்னும் தேடி வாறாங்களடா."

"வரட்டும். என்னைத் தேடவும் ஆக்கள் இருக்கினம்தானே. வெள்ளிக்கிழமை நாள் எப்பிடி? பாத்துச் சொல்லு."

கடைச் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் புரட்டினேன். வெள்ளி முழுக்கச் சுபதினம்.

"அட்டமியடா," என்றேன்.



"அப்ப திங்களுக்கு வைக்கிறன்."