ஐஸுக்கு நின்றவர்கள்

“ஐஸ் என்ன, உங்கப்பன் வீட்டுக் கிணத்துத் தண்ணியா, கேட்டதும் மொண்டு கொடுக்க?”

பதினாறு வயதில் நஹுலாவிடம் ஐஸ் ஆலை அதிகாரி வஜீஹ் கேட்ட கேள்வி இது. அப்போது அவள் அப்பா ஆதமின் தோணி மூன்று நாளாக ஆலைத் துறையில் கட்டிக் கிடந்தது. பின்னால் வந்த தோணிகளெல்லாம் ஐஸ் ஏற்றிக்கொண்டு போயின. பணக் கவர் கொடுத்தவனுக்கு முதல் இடம்; அதுதான் வஜீஹ் வைத்த சட்டம். ஆதமுக்குக் கெஞ்ச வராது. அதனால் பள்ளிச் சீருடையோடு மகள் போய் நின்றாள். கேள்வியைக் கேட்டு வரிசையே சிரித்தது. கூச்சக்காரியான அவள் வாயே திறக்காமல் திரும்பி நடந்தாள்.

நான்காம் நாள் ஆதம் ஐஸ் இல்லாமலே கடலுக்குப் போனார். அன்றைக்கென்று பார்த்து சூரை மீன் மொய்த்தது. தூண்டில் வீசி வீசித் தோள் கழன்றதுதான் மிச்சம். முன்னூறு மீனையும் சூடு என்று சொல்லிக் கொள்முதல் கப்பல் தள்ளிவிட்டது. அந்தப் பருவத்தோடு தோணி கைமாறியது. தோணியை நடத்தும் தண்டலாக நிமிர்ந்து நின்ற மனிதர், சுற்றுலா விடுதியில் வெள்ளைக்காரர்களின் பெட்டி தூக்கப் போனார். நஹுலா பள்ளியை விட்டுவிட்டு, மீன் அவிக்கும் புகைக்குள் உட்கார்ந்தாள்.

பதினான்கு ஆண்டுகள் போயின. அங்கேயே மீனின் தரம் பார்க்கப் பழகி, இப்போது அதே போன்றதொரு கொள்முதல் கப்பலில் மீனைச் சோதிப்பவள் அவள்தான். மீனின் முதுகில் வெப்பமானிக் கம்பியைக் குத்துவாள். நான்கு டிகிரிக்குள் இருந்தால் ஏற்றுமதிக்குப் போகும், மீறினால் தள்ளுபடி. வெளிநாட்டில் ஒரு பெட்டி கெட்டுப்போனாலும் மாலத்தீவு மீன் அத்தனைக்கும் கெட்ட பெயர் என்பதால், அவள் எழுதும் எண்ணுக்கு மறுபேச்சு கிடையாது.

அன்று மதியம் ஒரு புதுத் தோணி வந்து அணைந்தது.

“கவர்த் தோணி வந்தாச்சு டோய்!” என்று கப்பல் ஆட்கள் கத்தினார்கள். வஜீஹ் ஓய்வு பெற்றபின் வாங்கிய தோணிக்கு ஊர் வைத்த பெயர் அது.

“என்ன மூஸாபே, மூஞ்சி செத்த நண்டு மாதிரி இருக்கு?” என்று ஒருவன் அதன் தண்டலைச் சீண்டினான்.

“போடா! ஐஸுக்கு ரெண்டு நாள் நின்னோம். கடைசியில அந்த ஸியாத் பாதிதான் போட்டான்.”

ஸியாத் இன்றைய ஆலை அதிகாரி. வஜீஹின் கையாளாக இருந்து தொழில் படித்தவன்.

“குருகிட்டயே கவர் கேட்டானா?”

“கேட்டான். நம்மாளு தரமாட்டேன்னுட்டாரு. அவருக்கு வாங்கித்தானே பழக்கம்!”

கப்பலே சிரித்தது. தோணியின் நடுவில் நின்ற வஜீஹ் மட்டும் சிரிக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் நஹுலாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்த நாளுக்காகத்தான் அவள் பதினான்கு வருடம் காத்திருந்தாள்.

தோணியின் முன் அறையிலிருந்து மேலே கொண்டுவந்த மீனில் கம்பியைக் குத்தினாள். பதினொன்று. எழுதினாள். மூஸாபே கிடைத்த கொஞ்ச ஐஸையும் பின் அறையில் கொட்டி, அந்த மீனையாவது காப்பாற்றியிருந்தார். அங்கே மூன்று, முதல்தர மீன்.

அதற்கும் பதினொன்று என்று போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? பேனா 11-இன் முதல் ஒன்றைப் போட்டுவிட்டது.

வஜீஹ் கப்பலுக்கு ஏறி வந்து குனிந்து பார்த்தார். அவளுடைய ஏட்டுக்கு அடியில் ஒரு கவர் நுழைந்தது.

“மொத்தத்துக்கும் மூணுன்னு போட்டுடும்மா. உன்னைத் தனியா கவனிச்சுக்கறேன்.”

“நான் யாருன்னு தெரியுதா?”

“தெரியலையே.”

“தண்டல் ஆதமோட மக. ஸ்கூல் யூனிஃபார்மோட உங்ககிட்ட ஐஸ் கேட்டு வந்தேன்.”

அவர் யோசித்தார். “எத்தனையோ பேர் வந்தாங்கம்மா. யாரைன்னு ஞாபகம் வச்சுக்கறது?”

அவள் வாழ்க்கையைக் கவிழ்த்தவருக்கு அவள் முகம்கூட நினைவில்லை. இரண்டாவது ஒன்று பேனா முனைக்கு வந்து நின்றது.

“பின் அறை மீன் நல்லாத்தானேம்மா இருக்கு?” மூஸாபேயின் குரல் இறங்கியிருந்தது. “எங்க எட்டு வீட்டுப் பங்கும் அதுலதான் இருக்கு.”

நஹுலா அவருடைய கிழிந்த உள்ளங்கைகளைப் பார்த்தாள். இந்த மீன் போனால் வஜீஹ் ஒரு மாதம் திட்டித் தீர்ப்பார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகப்போவது இவர்கள்தான். தவிர, பொய் எண் எழுதிவிட்டால் தனக்கும் வஜீஹுக்கும் என்ன வித்தியாசம்?

போட்ட ஒன்றை அடித்தாள். மூன்று என்று எழுதினாள். பிறகு கவரை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தாள். அவள் குரல் அவ்வளவு ஓங்கி அந்தக் கப்பலில் யாரும் கேட்டதில்லை.

“முன் அறை பதினொண்ணு, தள்ளுபடி! பின் அறை மூணு, ஏத்திக்குங்க! இந்தாங்க வஜீஹ், உங்க கவர். இனிமே உங்க தோணி எப்ப வந்தாலும் கம்பி என் கையிலதான் இருக்கும். ஒரு டிகிரி கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எங்கப்பாவுக்கு நீங்க தராத நியாயத்தை உங்களுக்கு நான் தருவேன். ஒவ்வொரு தடவையும் அதைக் கைநீட்டி வாங்கிட்டுப் போங்க. அதான் உங்களுக்குத் தண்டனை.”

நீட்டிய கவரை அவள் இறக்கவில்லை.

“இன்னொண்ணும் கேட்டுக்குங்க. லஞ்சம் வாங்கறவன் ஒருத்தன்கிட்டதான் வாங்கறோம்னு நினைக்கிறான். அவன் நீட்டின கையைப் பார்த்துப் பின்னாடி நிக்கறவனும் கத்துக்கறான். கடைசியில ஊர்ல யாருக்குமே எதுவும் நேரா கிடைக்காது, வாங்கினவனுக்கும் சேர்த்து.”

வஜீஹ் கவரை வாங்கிக்கொண்டார். சட்டைப்பைக்குள் திணித்தார். தோணிக்காரர்கள் எட்டுப் பேரும் விலகி வழிவிட, யார் முகத்தையும் பார்க்காமல் பலகை வழியே தன் தோணிக்கு இறங்கிப் போனார்.