அரை மில்லிமீட்டர்

விடியும் முன்பே செடெனாக் ஊர்த் தொழிற்சாலையில் இரும்பு அலறத் தொடங்கிவிட்டது. காளிதாஸ் பல்சக்கரமாகப் போகும் இருபது கிலோ வட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் துளை இயந்திரத்தில் பூட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் நெடி மாடியறை வரைக்கும் ஏறிவந்து தர்மினியின் தொண்டையை அரித்தது. இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரையும் அவளுக்கு இன்று நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை.

நாற்பது பல்சக்கரங்கள் ஆடுகின்றன என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். பழி காளிதாஸ் தலையில் விழுந்தது. இன்று பத்து மணிக்கு அவருக்கு வேலைநீக்கக் கடிதம்.

பதினெட்டு வருஷம் கை தவறாத மனுஷன் ஒரேயடியாக நாற்பதைக் கெடுப்பாரா? மனசு ஒப்பாமல் கணினியில் படத்தைத் திறந்தாள். முழுதாகப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருந்தது. பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். நடுக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஓரிடம், துளையின் மையம் வேறிடம். அரை மில்லிமீட்டர் விலகல். இந்தப் படத்தை வைத்துத்தான் இயந்திரத்துக்கு ப்ரோகிராம் போயிருந்தது.

யார் வேலை? அவளுடையதேதான். துளையைப் பெரிதாக்கச் சொன்ன அன்று பழைய வட்டத்தை அழித்துப் புதியதை வைத்தாள். மையத்தைத் தானாகப் பிடிக்கும் ஸ்னாப்பை அணைத்து வைத்திருந்தது அவசரத்தில் மறந்துபோனது. மூன்று பேர் வரைந்து, ஒருவர் படத்தை ஒருவர் சரிபார்த்த அறையில் இப்போது அவள் ஒருத்தி மட்டும்.

பின்னால் முதலாளி உலகப்பன் நின்றிருந்தார்.

“கண்டுபிடிச்சிட்டியா? வட்டத்த நகர்த்தி வச்சிடு. படத்துல பழைய தேதியே இருக்கட்டும்.”

“அப்ப காளிதாஸ் அண்ணே?”

“அவருக்குப் பதிலா வேற ஆள் கெடைக்கும். உன்ன மாதிரி ட்ராஃப்ட்டர் கெடைக்காது லா.”

“செக் பண்ற ஆளுங்கள நிப்பாட்டிட்டீங்களே பாஸ், அதனாலதானே...”

“கம்பெனிய நான் பாத்துக்கறேன். நீ கோட்டப் பாரு.”

கோட்டை அவள் தொடவில்லை. படத்தை இருந்தபடியே அச்சடித்து எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

“அண்ணே, தப்பு உங்க கையில இல்ல. என் படத்துல.”

காளிதாஸ் இயந்திரத்தை நிறுத்தினார். “நாலு நாளா என் கையவே சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன்மா. சோறு எறங்கல. தெரியுமா?”

தர்மினி அழுதுவிட்டாள். பக்கத்தில் இரும்புப் பிசிறு தேய்க்கும் காளியம்மா தாளை வாங்கிப் பார்த்தாள்.

“அலமாக்! மூணு பேரு வேலைய ஒருத்தி தலையில கட்டுனா கண்ணு எத்தனைதான் பாக்கும்? கீழயும் ரெண்டு மெஷினுக்கு ஒரு ஆளுதானே.”

சொல்லிக்கொண்டே தன் இயந்திரத்தை அணைத்தாள். அடுத்தவர் அணைத்தார். வரிசை முழுக்க ஓய்ந்துபோனது.

சத்தம் நின்றதும் உலகப்பன் ஓடிவந்தார். “சரி, தப்பு யாருதுன்னு தெரிஞ்சிருச்சில்ல? காளிதாஸ், நீங்க வேலையப் பாருங்க. தர்மினி, பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பு.”

கடிதத்தில் பெயரை மாற்றினால் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார் மனுஷன்!

காளிதாஸ் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு தர்மினிக்கு முன்னால் வந்து நின்றார். “லெட்டர்ல என் பேரே இருக்கட்டும் பாஸ். கீழ இங்க நிக்கிற எல்லாரு பேரையும் போடுங்க. செக் பண்ண ஆளு வர்ற வரைக்கும் மெஷின் ஓடாது.”

“என் பேரு காளியம்மா. அதையும் எழுதிக்குங்க.”

“மணியம்.”

“யூசோப்.”

வரிசையில் நின்ற முப்பத்தொரு பேரும் தங்கள் பெயரைச் சொல்லி முடிக்கும் வரை முதலாளி அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.