மருமகள் பெயர் சொல்லாத முதல்வர்

1

என் தம்பி கென்ஜேபெக் என்னிடம் ஓர் உதவி கேட்டான். இந்தக் கதை அதிலிருந்து பிறந்தது. வேறு யாராவது இதைத் தங்களுக்குச் சொல்லும் முன் நானே சொல்லிவிடுவதுதான் எங்கள் குடும்பத்துக்கு மரியாதை.

போன வெள்ளிக்கிழமை வந்தான். தொப்பியைக் கழற்றவில்லை.

"அண்ணே, பெர்மெத் நம்ம வீட்டு மருமகதானே. திங்கக்கிழமை அவ வாயில என்ன வரணும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"நான் எழுதிக்கிட்டு இருக்கேன்," என்றேன்.

எழுதிக்கொண்டிருக்கவில்லை. பேச்சை நிறுத்த அப்படிச் சொன்னேன். சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்பதால் அவன் போனதும் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

விஷயம் இதுதான். கென்ஜேபெக் நாரின் மலைப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு நெடுங்காலம் முதல்வர். போன ஆகஸ்டில் அவனை பிஷ்கெக் நகரத்துக்கு அழைத்து, நகரத்தின் வடக்கு விளிம்பில் புதுவீடுகள் முளைத்த பகுதியில் ஒரு பெரிய பள்ளியைக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றால் தற்காலிகமாக. வெளியூரிலிருந்து வரும் முதல்வர் நகரப் பள்ளியை நடத்தப் பழக வேண்டும் என்று கல்வித் துறை ஒரு திட்டம் வைத்திருக்கிறது. அனுபவமுள்ள ஒரு நகர முதல்வர் ஓராண்டு கூடவே இருந்து வழிகாட்டுவார். ஆண்டு முடிவில் அந்த வழிகாட்டி குழுவின் முன்னால் எழுந்து நின்று, இன்னார் என்று பெயர் சொல்லி, தகுதியானவரா இல்லையா என்று வாயால் சொல்ல வேண்டும். இல்லை என்றால் நாரினுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

நாரினில் அவனை வழியனுப்பக் குதிரை அறுத்து விருந்து வைத்தார்கள். குதிரை அறுத்து அனுப்பப்பட்டவன் அடுத்த வருஷமே மூட்டையோடு திரும்பி வந்ததாக எங்கள் பக்கத்தில் கதை கிடையாது. இனியும் இருக்கக் கூடாது.

அவனுக்கு வாய்த்த வழிகாட்டி பெர்மெத். என் மூத்த மகனின் மனைவி. நகர நடுவில் ஒரு பள்ளிக்கு முதல்வர். வயது முப்பத்தாறு.*

* சொந்தக்காரர் என்பதைத் துறையிடம் மறைத்தோம் என்று எங்கள் எதிர்வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். மறைக்கவில்லை. பெர்மெத்தே போய்ச் சொன்னாள். அங்கிருந்த அதிகாரி, "சொந்தமா? நல்லதாப் போச்சு, சண்டை வராது," என்றாராம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"பனி உருகிக்கொண்டிருந்த ஒரு காலையில் பெர்மெத் தன் மாமனாரின் அலுவலகக் கதவைத் தட்டித் திறந்து..." (எங்கள் வீட்டு மருமகள் மாமனார் இருக்கும் அறையைத் தட்டித் திறக்க மாட்டாள். கூப்பிடும்வரை நிற்பாள். வழிகாட்டியோ நிற்கக் கூடாது. இந்த வாக்கியம் கதவிலேயே மாட்டிக்கொண்டது.)

"கென்ஜேபெக் நேர்மையும் கம்பீரமும் நிறைந்த..." (சொந்தத் தம்பியை நானே புகழ்ந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள்?)

"எங்கள் குடும்பத்தில் மருமகள்கள், கணவன் வீட்டு மூத்த ஆண்களின் பெயரை உச்சரிப்பதில்லை."

இது நிற்கிறது. உண்மை என்பதால் நிற்கிறது. நகரத்தில் இப்போது பலர் விட்டுவிட்டார்கள். நாங்கள் விடவில்லை. என் மனைவி என் அப்பாவின் பெயரை அவர் உயிரோடிருக்கும்வரை சொன்னதில்லை. அவர் போன பிறகும் சொன்னதில்லை. ஒருமுறை மருத்துவமனையில் பெயர் கேட்டபோது, "என் புருஷனோட அப்பா" என்றே மூன்று தடவை சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த பெண் எழுந்து போய்விட்டாள்.

பெர்மெத்தும் அப்படித்தான். என்னைப் பெரிய மாமா என்பாள், கென்ஜேபெக்கைச் சின்ன மாமா என்பாள். எதிர்த்துப் பேச மாட்டாள். வாசல் பக்கம் உட்கார்ந்து தேநீர் ஊற்றுவாள்.

இப்படிப்பட்டவள் இப்படிப்பட்டவருக்கு வழிகாட்ட வேண்டும். எப்படி?

3

இனி வருவது வாலெந்தினா பெத்ரோவ்னா சொன்னது. கென்ஜேபெக்கின் பள்ளியில் துணை முதல்வர், ரஷ்ய அம்மாள், சத்தமான குரல். (என் தம்பி இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டான். மருமகளை நான் கேட்க முடியாது. வாலெந்தினா மிகைப்படுத்துகிறவர், ஆகவே கேட்டதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டேன்.)

அக்டோபரில் ஒரு நாள், கென்ஜேபெக் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். (கதைக்குள் அவருக்கு 'ர்' போடுகிறேன். அவர் முதல்வர்.) வழிகாட்டிக்கென்று பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. பெர்மெத் அதில் உட்காராமல் வாசல் ஓரத்து முக்காலியில் உட்கார்ந்தாள். கெட்டில் கொதித்ததும் பழக்கதோஷத்தில் எழுந்து தேநீர் ஊற்றினாள். மலையில் இருந்தபோது ஆசிரியர்கள் தினமும் காலையில் வந்து சலாம் சொல்லி, எல்லாச் சேதியும் சொல்லிவிட்டுப் போவார்கள். இங்கே யாரும் வருவதில்லை. யாராவது வருவார்கள் என்று செப்டம்பர் முழுதும் காத்திருந்தவருக்கு அன்று வந்தது மருமகள் மட்டுமே. தேநீர் நன்றாக இருந்தது. அதனால் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

பெர்மெத் தலை குனிந்தபடி, துணை முதல்வரைப் பார்த்துப் பேசினாள்.

"வாலெந்தினா பெத்ரோவ்னா, ஒரு பள்ளிக்கூடம் இருக்குன்னு வச்சுக்குங்க. மத்தியானம் ஒரு ஷிஃப்ட் புள்ளைங்க வெளிய வருது. அதே நேரம் அடுத்த ஷிஃப்ட் உள்ள போகுது. ரெண்டு கூட்டமும் ஒரே பக்கவாசல்ல முட்டுது. முன்வாசலோ பூட்டிக் கிடக்கு."

"வச்சுக்கறதுக்கு என்ன இருக்கு? நம்ம பள்ளிக்கூடம்தானே அது! நேத்து ரெண்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன் ஒத்த ஷூவோட வீட்டுக்குப் போனான்."

"முன்வாசல் விருந்தாளிங்களுக்கு," என்றார் கென்ஜேபெக், சன்னலைப் பார்த்து.

"அந்தப் பள்ளிக்கூடத்து முதல்வர்கிட்ட யாராவது கேட்டா நல்லது," என்றாள் பெர்மெத், வாலெந்தினாவிடமே. "கடைசியா விருந்தாளி எப்ப வந்தாங்கன்னு."

"வந்தார் ஒருத்தர், கரண்ட் மீட்டர் பாக்க. அவரும் பக்கவாசல்லதான் வந்தார்."

"தேயிலை எங்க வாங்கினது?" என்றார் கென்ஜேபெக்.

வாலெந்தினாவுக்குப் பொறுமை போய்விட்டது. "ஏம்மா, அவர் உன் எதிர்லதானே உக்காந்திருக்கார்? நேரா அவர்கிட்ட சொல்லேன்!"

"எப்படிங்க? எனக்கு மாமனார் முறை."

"எனக்கு மேலதிகாரி முறை. நான் தினமும் நேராத்தான் சொல்றேன். கேட்டாத்தானே!"

ஆக, குளிர்காலம் முழுதும் என் தம்பிக்கு வழிகாட்டும் வேலை வாலெந்தினாவின் வழியாகவே நடந்தது. அந்த அம்மாளுக்குத் தனியாகச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்து எழுத்து நின்றது. கென்ஜேபெக்கை முட்டாளாகக் காட்டிவிட்டேனோ?

அவர் முட்டாள் அல்ல. மலைப்பள்ளியில் பையன்கள் சண்டை போட்டால் இரண்டு பேரையும் நிறுத்தி ஏழு தலைமுறைப் பாட்டன்களின் பெயரைச் சொல்லச் சொல்வார். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ இரண்டு பேருக்கும் ஒரே பாட்டன் வந்துவிடுவார். சண்டை முடிந்தது, இனி அவன் உனக்குச் சித்தப்பா. நகரத்திலும் அதையே செய்து பார்த்தார். ஒருவன் ரஷ்யப் பையன், தாத்தா பெயரோடு நின்றுவிட்டான். மற்றவன் சீனாவிலிருந்து வந்து குடியேறிய துங்கான் வீட்டுப் பையன். அவன் ஏழு பாட்டன்களைத் தாண்டியும் சொல்லிக்கொண்டே போனான். மணி அடித்தும் நிறுத்தவில்லை. இரண்டு பேரும் களைத்துப்போய் ஒன்றாக வெளியே போனார்கள் என்று கேள்வி. அதையும் ஒரு வெற்றியாகவே நான் கணக்கில் வைக்கிறேன்.

பெர்மெத் என்ற பாத்திரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. பல வருஷமாக என் வீட்டில் இருக்கிறாள். அவள் நடை தெரியும். ரொட்டியைப் பிய்த்து வைக்கும் விதம் தெரியும். என்ன நினைக்கிறாள் என்று எழுத உட்கார்ந்தால் ஒரு வரியும் வரவில்லை. "பெர்மெத் மனதுக்குள்..." என்று தொடங்கி, அந்த மனதுக்குள்ளும் என் முன் தலை குனிந்தே நிற்கிறவளைத்தான் எழுதினேன். எழுதியதை அடித்துவிட்டேன்.

5

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை கென்ஜேபெக் பூட்டைத் திறந்தார்.

"முன்வாசலைத் திறக்கப் போறோம். எனக்கா ஒரு யோசனை தோணுச்சு," என்று ஆசிரியர்களிடம் அறிவித்தார்.

வாலெந்தினா இருமினார். பெர்மெத் குனிந்து, "நல்ல யோசனை, சின்ன மாமா," என்றாள்.

அதன்பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. முன்வாசல் விருந்தாளிகளுக்கு. அதன் வழியாக வருகிறவர் யாராக இருந்தாலும் விருந்தாளிதான். விருந்தாளி வரும்போது வீட்டுக்காரன் உள்ளே உட்கார்ந்திருக்கலாமா? கென்ஜேபெக் நல்ல கோட்டும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் கை கொடுத்து, நெஞ்சில் கை வைத்து, வீட்டில் எல்லோரும் சுகமா, ஆடுமாடு சுகமா என்று விசாரித்தார்.

"ஆடுமாடு இல்ல சார், பூனைதான் இருக்கு," என்றாள் ஒரு சிறுமி.

"பூனை சுகமா?"

முதல்வர் காலையில் வாசலில் நிற்க வேண்டும் என்றுதான் பெர்மெத் அக்டோபரிலிருந்து வாலெந்தினாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காவலாளி மாதிரி நான் நிற்பதா என்று மறுத்தவர், வீட்டுக்காரராகத் தானே வந்து நின்றுவிட்டார். அவளுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். (இருந்திருக்கும் என்றுதான் எழுத முடிகிறது.) ஆனால் முதல் வகுப்பு தொடங்கும் மணி அடித்தபோது பாதிப் பள்ளி வெளியே பனியில் வரிசையில் நின்றது. முன்னால் நின்றவனின் பாட்டிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று முதல்வர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாலெந்தினா பெத்ரோவ்னா," என்றாள் பெர்மெத், "விருந்தாளிய குளிர்ல நிக்க வைக்கிறது மரியாதையான்னு யாராவது கேட்டா நல்லது."

இம்முறை அவர் சன்னலைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்தார். "ஒரு கேள்விதான் கேக்கலாமா, அப்ப?" என்றார். மருமகளிடம் அவர் நேராகக் கேட்ட முதல் கேள்வி அது. அவள் தலையசைத்தாள். மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு கேள்வி.

6

இனி முடிவு. குழு நாளைக் காலை கூடுகிறது. இன்று ஞாயிறு மத்தியானம். நடக்காததை எழுத வேண்டியிருக்கிறது.

முடிவு, ஒன்று: பெர்மெத் எழுந்து, தெளிவான குரலில் சின்ன மாமனாரின் பெயரைச் சொல்கிறாள். (முடியாது. என் பேனாவில் வராது.)

முடிவு, இரண்டு: "அவர் தகுதியானவர்," என்கிறாள். "எவர்?" என்கிறது குழு. "அவர்தான்." வரிசையில் புது முதல்வர்கள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டு. குழுத் தலைவருக்குச் சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது. பெர்மெத் கண்ணால் காட்டிய திசையில் பருத்த உடம்போடு இருந்த வேறொருவரின் பள்ளி உறுதியாகிறது. கென்ஜேபெக் மூட்டை கட்டுகிறார். (குடும்ப மரியாதை காப்பாற்றப்பட்டது, தம்பியைத் தவிர.)

முடிவு, மூன்று: நான் பெர்மெத்தைக் கூப்பிட்டு, தகுதியானவர் என்று சொல்லிவிடு என்கிறேன். அவள் சொல்கிறாள். நான் சொன்னால் அவள் மறுக்க மாட்டாள். எழுதும்போது இதுதான் மிக எளிதாக வந்தது. எழுதிவிட்டுப் படித்தேன். குழுவின் முன்னால் நின்றவளின் வாயில் என் குரல் இருந்தது. ஒரு குளிர்காலம் முழுதும் வாலெந்தினாவிடம் பேசிப் பேசி அவள் பார்த்துவைத்ததில் ஒன்றும் அதில் இல்லை. அப்படி வாங்கிக் கொடுத்த பள்ளியில் என் தம்பி எந்த வாசலில் நிற்பான்?

கிழித்துவிட்டேன்.

7

பெர்மெத் தேநீர் கொண்டுவந்தாள். கென்ஜேபெக் முற்றத்தில் என் மகனோடு காரைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையிலிருந்தே இங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தான். என்னிடம் பேச்சுக் கொடுக்கவில்லை.

"எழுத்து எங்க நிக்குது, பெரிய மாமா?"

"நீ வாயத் திறக்கற எடத்துல."

அவள் கிண்ணத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். பேனாவை மூடினேன், திறந்தேன்.

"நாளைக்கு அந்த அறைக்குள்ள மட்டும் பேரைச் சொல்லலாம்," என்றேன். "வெளிய வந்ததும் பழையபடிதான்."

"யாரு பேரை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

"தெரியும். ஆனா நாக்குக்குப் பழக்கமில்ல, மாமா. அங்க போய்த் திக்கினா நம்ம குடும்பத்துக்குத்தானே அசிங்கம்? இங்க ஒருதரம் சொல்லிப் பாத்துக்கட்டுமா?"

இதற்கு நான் தயாராக இருக்கவில்லை. நான் இருக்கும் அறையில், என் முகத்துக்கு எதிரில்! ஆனால் குடும்பத்தின் பெயரால் கேட்டுவிட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"ம்," என்றேன்.

தொண்டையைச் செருமிக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் பேசும் குரல் போலிருக்கிறது, நான் அதைக் கேட்டதே இல்லை. முற்றம் வரைக்கும் போகும் குரல்.

"கென்ஜேபெக்!"

"வந்துட்டேன்!" என்றான் என் தம்பி வெளியிலிருந்து. கதவைத் திறந்து, கையில் கிரீஸோடு எட்டிப் பார்த்தான். "யாரு கூப்பிட்டது?"

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் தலை குனிந்திருந்தது. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று அவன் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. யார் கூப்பிட்டது என்று கண்டுபிடிக்க இன்னும் கொஞ்ச நேரம். காது சிவந்துவிட்டது.

"நாளைக்கு என்னம்மா சொல்லப் போற?" என்றான். அண்ணனிடம் கேட்டதை ஒருவழியாக அவளிடமே கேட்டுவிட்டான்.

"பாத்ததைச் சொல்லப் போறேன், சின்ன மாமா."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவன் கையிலிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சரி," என்றான். "பனியில நின்ன புள்ளைங்களயும் சொல்லிடு. சொல்லலன்னா வாலெந்தினா சொல்லிடுவா." காரைப் பார்க்கப் போய்விட்டான்.

பெர்மெத் கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். "மீதிய எழுதிடாதீங்க, மாமா," என்றாள். என் வீட்டில் மருமகள் என்னிடம் இதைச் செய்யாதீர்கள் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. எதிர்த்துப் பேசுவது என்று இதைச் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். கேட்டுக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டேன்.

ஆகவே எழுதவில்லை. வாக்கியம் இதோ இப்படி நிற்கிறது:

"பெர்மெத் குழுவின் முன் எழுந்து நின்று, கென்ஜேபெக் என்ற முதல்வர்"

இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை. பொறுக்க முடியாதவர்கள் தங்கள் இஷ்டப்படி முடித்துக்கொள்ளலாம். தகுதியானவர் என்றாலும் சரி, இன்னும் ஒரு வருஷம் பழகட்டும் என்றாலும் சரி, நாரினுக்கே அனுப்பிவிட்டாலும் சரி, நான் வந்து சண்டை போட மாட்டேன். ஆனால் அவன் பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்று சொல்லுங்கள். அவள் நின்றுதான் சொல்லப் போகிறாள்.