ஒற்றை ஆணியும் இரண்டு கோப்பைகளும்

"பாய், அந்தப் படத்தை இறக்குங்க!"

சிஹாபுதீன் பாயின் சாப்பாட்டுக் கடையில் அத்தனை தலைகளும் திரும்பின.

வாசலில் ஜெயபாலன். கையில் புதுச் சட்டம் போட்ட படம். போன வாரம் மலாக்கா நகரக் கூடைப்பந்துக் கோப்பையை வென்ற, அவன் ஆடும் 1958-ஆம் ஆண்டு காஜா பெராங் வட்டாரக் குழு.

சிக்கல், சுவரில். போன வருடம் மெர்டேக்கா என்று நாடு விடுதலையான பிறகு நடுச்சுவரை மாமன்னர் படம் எடுத்துக்கொண்டது. மிச்சம் ஒரே ஆணி. அதில் அதே கோப்பையை 1938-ஆம் ஆண்டு வென்ற குழு தொங்கியது. அதன் நடுவே முறுக்கிய மீசையோடு நின்ற பொன்னுதுரை, இப்போது நரைத்த மீசையோடு படத்துக்கு நேர் கீழே தோசை தின்றுகொண்டிருந்தார்.

இருபது வருடமாக அதே நாற்காலி. யாராவது புது ஆள், "படத்துல யாருங்க?" என்று கேட்டால்தான் அவருக்குக் காப்பி இறங்கும். ஜப்பான்காரன் வந்து போனான், படம் அசையவில்லை. அது இறங்கிவிட்டால் அவர் பொதுப்பணி இலாகாவில் கணக்கெழுதும் வெறும் கிராணி.

"தம்பி, எங்க காலத்துல எதிராளி ஒவ்வொருத்தனும் ஆறடி லா. நீங்க ஜெயிச்சது சப்பை டீமு."

"அண்ணே, உங்க காலத்துல ஒரு கோல் விழுந்தா பந்தை நடுவுக்குக் கொண்டுபோயி மறுபடி எம்பி ஆரம்பிப்பீங்க. கோலுக்குக் கோல் ரெஸ்ட்டு! இப்ப நிக்காம ஓடணும்."

பாய் கரண்டியால் மேசையைத் தட்டினார்.

"ஜெயிச்சவன் பேச்சை நான் நம்ப மாட்டேன். முப்பத்தெட்டு, அம்பத்தெட்டு ரெண்டு இறுதி ஆட்டத்துலயும் தோத்த ஆளு ஒருத்தரு கிளேபாங்ல இருக்காரு. அவரு சொல்லட்டும்."

பாய் சொல்லி அனுப்பிய ஒரு மணி நேரத்தில் லாரி வந்து நின்றது. ஓட்டுநர் கலியாணசுந்தரம் நொண்டியபடி இறங்கினார். இரண்டு தரப்பும் போட்டி போட்டு ரொட்டியும் ஆட்டுக்கறியும் தருவித்தன. அவர் அவசரப்படவில்லை. எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"முப்பத்தெட்டுல எனக்குப் பதினஞ்சு வயசு. ஆடவேண்டிய மாமனுக்கு மலேரியா. அவரு ஜெர்சியை எனக்கு மாட்டிவிட்டாங்க. முட்டி வரைக்கும் தொங்குச்சு."

ஜெயபாலன் விசிலடித்தான். பொன்னுதுரை காப்பியைத் தள்ளி வைத்தார்.

"போன வாரம்? எனக்கு முப்பத்தஞ்சு. இந்த முட்டி மடங்கவே மடங்காது. வேற ஆளு இல்லாம என்னை இறக்குனாங்க."

விசில் நின்றது.

"நான் புலியா இருந்தது நாப்பத்தெட்டுல. அந்த வருசம் கம்யூனிஸ்டுக்காரன் சண்டை, எமர்ஜென்சி. போட்டியே நடக்கல."

கடையில் யாரோ கெக்கலித்தார்கள். சிரிப்பு பரவுவதற்குள் பொன்னுதுரை எழுந்தார்.

"பொய்! பதினஞ்சு வயசுலயே இவன் புலி! என் விலா எலும்புல இடிச்ச இடம் இன்னும் வலிக்குது!"

"ஆமாண்ணே!" ஜெயபாலன் பாய்ந்து வந்தான். "முட்டியாவது கிட்டியாவது! போன வாரம் மான் மாதிரி ஓடினாரு, என் கண்ணால பார்த்தேன்!"

கலியாணசுந்தரம் தன் முட்டியைச் சந்தேகத்தோடு தடவிப் பார்த்தார்.

மறுநாள் காலை ஆணியில் புதுப் படம். லாரி லைசென்சுக்காக எடுத்த கலியாணசுந்தரத்தின் முகம், பெரிதாக்கப்பட்டு, முறைத்தது.

பத்து பெரெண்டாமிலிருந்து வந்த ஒருவர் கேட்டார்: "யாருங்க இது?"

"கிளேபாங் புலி," என்றார் பொன்னுதுரை, காப்பியை ஆற்றியபடி. "அவனை ஜெயிச்சது யாருன்னு கேளுங்க."

அடுத்த மேசையில் ஜெயபாலன் பலமாகச் செருமினான்.