மூன்று இஞ்சு வாய்

தெருவில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் மூக்கு. முகத்தில் அது அப்படியொன்றும் பெரிதில்லை, குணத்தில்தான் பெரிது. ஊர்ச் சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்து ஆலைகளுக்கும் தோட்டங்களுக்கும் திருப்பி அனுப்புகிற நிலையத்தில் அவள் ரசாயனக் கிடங்கின் பொறுப்பாளர். உள்ளே நுழைந்ததும் ஒரு தடவை இழுத்து மோந்து பார்ப்பாள். அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. கணவர் வீட்டுக்கு வரும் வழியில் எந்தக் கடையில் என்ன தின்றார் என்று சட்டையை மோந்தே சொல்லிவிடுவாள் என்று பேச்சு. அந்த மனிதர் ஒல்லியாக இருப்பதற்கு இதுதான் காரணம் என்பது எதிர்வீட்டுக்காரியின் கண்டுபிடிப்பு.

கிடங்கில் இரண்டு பெரிய தொட்டிகள். ஒன்றில் ப்ளீச்சிங் திரவம், கிருமியைக் கொல்ல. இன்னொன்றில் ஆசிட், வடிகட்டிகளில் படியும் உப்புக் காறையைக் கழுவ. தனித்தனியாக இருக்கும்வரை இரண்டும் நல்ல பிள்ளைகள். ஒரே தொட்டியில் சேர்ந்தால் மஞ்சளும் பச்சையுமாகப் புகை கிளம்பும். இழுத்தவனுக்கு நெஞ்சு வெந்துபோகும். முன்பு இரண்டு தொட்டிக்கும் லாரியின் ஓஸ் குழாயை மாட்டுகிற வாய் ஒரே அளவு, பக்கத்துப் பக்கத்தில். ஒரு நாள் ஒருவன் மாற்றி மாட்டினான். உள்ளே போனது ஒரு குடம் கூட இருக்காது. அன்று வால்வை ஓடிப்போய் மூடியவர் மூக்கு வீட்டுக்கு அடுத்த வீடு. இன்றும் விடிந்தால் தெருவை எழுப்புவது அவருடைய இருமல்தான். நிலையத்துச் சுவருக்கு இந்தப் பக்கம் நம் தெரு, அந்தப் பக்கம் தொட்டிகள். காற்று இந்தப் பக்கம் திரும்பியிருந்தால் இந்தக் கதையைச் சொல்லவோ கேட்கவோ ஆள் இருந்திருக்காது.

அதற்குப் பிறகு அவள் மேலதிகாரிகளை நச்சரித்து உயிரை எடுத்து, ஆசிட் வாயை மட்டும் மூன்று இஞ்சாக மாற்ற வைத்தாள். ப்ளீச்சிங் வாய் பழைய இரண்டு இஞ்சு. ஆசிட் லாரிக்கு மூன்று இஞ்சு ஓஸ்தான். தூக்கக் கலக்கத்தில் மாட்டினாலும் தப்பான வாயில் உட்காராது. "பால் புட்டிக்கு மூடி தேடுற மாதிரி இதுக்கு இவ்வளவு பாடா?" என்று மேனேஜர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இப்படியிருக்க ஒரு நாள் காலை, வீட்டில் கணவனின் சட்டையை ஊறப்போடும்போது பையில் பித்தளைச் சுருள்கள். அவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார், சுருள் இருப்பது அதிசயமில்லை. ஆனால் அவர் கடைவது பெரும்பாலும் இரும்பு. "யாருக்குங்க பித்தளை?" என்றாள். "சும்மா, ஒரு உதவி" என்றவர், செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு கிளம்பினார். உதவி செய்த மனுஷனுக்கு என்ன இவ்வளவு அவசரம்?

வேலைக்குப் போனால், ஆசிட் வாய்க்குக் கீழே சிமெண்டில் பச்சைக் கறை. அவள் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். வாய் பிளாஸ்டிக், தொட்டி பிளாஸ்டிக், குழாயும் பிளாஸ்டிக். பித்தளையை ஆசிட் தின்றால்தான் இப்படிப் பச்சை வடியும். போன லோடு இறங்கியபோது அவள் லீவில் இருந்தாள்.

பத்து நிமிடத்தில் ஆசிட் லாரி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவன் அவள் தம்பி.

"என்னக்கா, வாசல்லயே வரவேற்பு?"

"ஓஸ எடு."

எடுத்தான். இரண்டு இஞ்சு ஓஸ். பிறகு சீட்டுக்கு அடியில் கையை விட்டு, துணியில் சுற்றிய ஒரு பித்தளைத் துண்டை எடுத்தான். ஒரு பக்கம் இரண்டு இஞ்சு, மறுபக்கம் மூன்று இஞ்சு, நடுவில் மெல்லிய வளையக் கோடு. பட்டறையில் கடைகிற எல்லாவற்றிலும் அவள் கணவன் ஆசையாகப் போடும் கோடு அது. ஒரு ஓரம் கரையான் அரித்தது போலச் சுரண்டிக் கிடந்தது.

"மாமா செஞ்சு குடுத்தாரு. பெரிய ஓஸு கிழிஞ்சுபோச்சு, ஓனர் புதுசு வாங்கித் தரல. அட்ஜஸ்ட் பண்ணிக்கோன்னுட்டாரு."

"அட்ஜஸ்ட் பண்ணிட்டீங்களாக்கும். வண்டிய ஓரமா நிறுத்து. ஒரு சொட்டு இறங்காது."

"அக்கா! சரியான தொட்டியிலதான ஊத்துறேன்! லோடு திரும்பிப் போச்சுன்னா நாளைக்கு வண்டிச் சாவி எனக்கில்ல, தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். இந்த வேலைக்கு இவனை வேண்டி விரும்பிச் சேர்த்துவிட்டதே அவள்தான். ஆனாலும் போனை எடுத்துக் கணவனை வரச் சொன்னாள்.

அவர் ஸ்கூட்டரில் வந்து இறங்குவதற்கும் மேனேஜர் மாடியிலிருந்து இறங்குவதற்கும் சரியாக இருந்தது.

"என்னம்மா இது? ஆசிட் நாளைக் காலை வரைக்கும்தான் இருக்கு. வடிகட்டி கழுவலன்னா ஆலைக்குத் தண்ணி நின்னுடும். யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

"பித்தளை கெட்டியா நிக்கும்னு நெனச்சேன்மா" என்றார் கணவர், துண்டைப் பார்த்தபடி.

"நின்னுச்சுங்க. நின்ன லட்சணம் தரையில பச்சையா ஓடிருக்கு."

"சரி, வேற உலோகத்துல பண்ணிடறேன். விடு."

"ஒழுகுறது சின்ன விஷயம்ங்க" என்றவள் தம்பியிடம் திரும்பினாள். "ஓஸ வண்டியிலருந்து கழட்டு. தண்ணி விட்டு நல்லா அலசு."

அவன் முணுமுணுத்துக்கொண்டே அலசினான். அவள் உள் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கிறதா என்று பார்த்து, திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு, இரண்டு வாய்களின் மூடிகளையும் திறந்தாள்.

"இப்ப கண்ண மூடு. மாமா குடுத்தது வேணாம். எதுல உக்காருதோ அதுல மாட்டு."

"விளையாடறியா?"

"மாட்டுடா."

கண்ணை மூடிக்கொண்டு தடவினான். முதலில் கை போனது ஆசிட் வாய்க்குத்தான். அப்பாவின் செருப்பில் குழந்தை கால் விட்டது போல ஓஸ் அதில் லொடலொடத்தது. நகர்ந்தான். அடுத்த வாயில் வைத்தான்.

டக்.

கச்சிதமாக உட்கார்ந்தது. அவன் கண்ணைத் திறந்தான். ஆசிட் லாரியின் ஓஸ், ப்ளீச்சிங் வாயில். சுவருக்கு வெளியே தெருவில் இருமல் கேட்டது. அது தினமும் கேட்பதுதான்.

"அவனுக்குக் கண்ணு தெரியும்லம்மா" என்றார் மேனேஜர். பாதிக் குரல்தான் வந்தது.

"இவனுக்குத் தெரியும் சார். இவன் லீவு போட்டா வேற ஒருத்தன் வருவான். அவன் மாமா குடுத்தத சீட்டுக்கடியில தேட மாட்டான். உக்காருற வாயில மாட்டிட்டு வால்வத் திறப்பான். அவனத் தடுக்க இங்க அக்கா யாரும் நிக்க மாட்டா."

மேனேஜருக்குப் பால் புட்டி மறந்துபோயிருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு, ஆலைக்குப் போன் போடப் போனார்.

அவள் ஓஸைக் கழற்றி, மூடிகளைப் போட்டு, இரண்டுக்கும் பூட்டுப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

"மொத்தம் எத்தனை செஞ்சீங்க?"

"ஒண்ணே ஒண்ணு..." அவள் பார்வை நகரவில்லை. "சரி, மூணு. இவன் கூட்டாளிங்க கேட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னாங்கம்மா, நான் என்ன பண்ணட்டும்?"

புகழ்ந்தால் விழுந்துவிடும் மனிதரை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று தெருவில் எல்லாருக்கும் தெரியும். பாதிப் பேர் வீட்டில் அவர் செய்த தாழ்ப்பாள்தான், அதுவும் இலவசம்.

"மூணு லாரியிலயும் சின்ன ஓஸ்தான் கிடக்குமா?"

தம்பி ஆமென்று தலையை ஆட்டினான். "ஓனர் இனிமே பெரிசே வாங்க மாட்டாருக்கா. இதான் இருக்கேன்னு..."

"அப்ப ஓனர்கிட்டயே பேசிடலாம். மூணு துண்டும் எனக்கு வேணும், மூணு பெரிய ஓஸும் வேணும். உன் சாவியும் உங்கிட்டயே இருக்கணும்."

"அந்தாளு கத்துவாருக்கா."

"கத்தட்டும். எனக்கும் தொண்டை இருக்கு."

கணவர் மெதுவாகப் பின்வாங்கினார். "பட்டறைய அப்படியே திறந்து போட்டுட்டு வந்துட்டேன்..."

"ஏங்க," என்றாள் அவள், ஹெல்மெட்டை மாட்டியபடி. "ஸ்கூட்டர எடுங்க."

எடுத்தார். பின்சீட்டில் பித்தளைத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்தாள். இறக்காத லோடோடு தம்பியின் லாரி பின்னாலேயே மெல்ல உறுமிக்கொண்டு வந்தது. தெருவழியாக அந்த ஊர்வலம் போனபோது எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு ஓடி வந்தாள். கேட்க அவளிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. மூக்கு திரும்பியே பார்க்கவில்லை. அடுத்த வீட்டு வாசலில் இருமிக்கொண்டிருந்தவரைப் பார்த்து மட்டும் கையைத் தூக்கிக் காட்டினாள்.