வெண்மதியின் இடது கண்

வெண்மதி என்று பேர் வைத்தவர் அவளுடைய அப்பா. மேல்பட்டாம்பாக்கத்தில் தமிழாசிரியராக இருந்தவர். குழந்தை பிறக்கும் முன்பே பேரை முடிவு செய்துவிட்டார். பிறந்த பிறகு குழந்தையைப் பார்த்தும் மாற்றிக்கொள்ளவில்லை. கடலூரில் அவள் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் பாலிடெக்னிக்கில் ஒவ்வொரு ஜூன் மாதமும் இதே கூத்துதான். புதுப் பையன்கள் டைம்டேபிளில் பேரைப் படித்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் உள்ளே வந்த பிறகும் இன்னும் யாரோ வரவேண்டியிருப்பது போல வாசலையே பார்ப்பார்கள். "நான்தாம்பா அது," என்று அவளே சொல்லிவிடுவாள். அவர்கள் சிரிப்பதற்குள் தான் சிரித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படித் தன்னைத் தானே கிண்டலடிப்பதில் கைதேர்ந்தவளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் சிரிப்பு வராது. அது காயத்ரியின் கண்கள்.

காயத்ரி இயற்பியல் எடுப்பவள். இவள் வயதுதான். நிறத்திலும் இவளைவிட ஒரு சுற்றுதான் வெளுப்பு. மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன், பள்ளிக்கூடம் போகும் மகள், கடலூர் சாவடியில் வாடகை வீடு. ஆனால் காலை முதல் பீரியடுக்கு வரும்போதே அந்தக் கண்கள் வரைந்து வைத்தது போல இருக்கும். இமையில் என்னவோ பூசியிருப்பாள், என்ன நிறம் என்று சொல்ல முடியாது. தூங்கி எழுந்த முகத்தோடு எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்தும் வெண்மதி, பாதித் தாளை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்டால் கௌரவம் போய்விடுமே.

2009 தை மாதம். உடன் வேலை செய்யும் அன்பரசுவுக்குக் கல்யாணம், சிதம்பரம் தெற்கு வீதியில் மாலை வரவேற்பு. ஸ்டாஃப் மொத்தமும் வரும், காயத்ரியும் வருவாள். வெண்மதி ஒரு பெண்கள் பத்திரிகையின் இலவச இணைப்பை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். 'உங்கள் நிறத்துக்கு ஏற்ற கண் அலங்காரம்.' சிவந்த மேனிக்காரர்களுக்கு ஒன்றரைப் பக்கம். மாநிறத்துக்கு அரைப் பக்கம். மாநிறத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கையை ஜன்னல் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தாள். கல்யாண விளம்பரத்தில் அப்பா அப்படித்தான் போட்டிருந்தார். அவள் கணவன் சேரன் பெண் பார்க்க வந்த அன்றே அந்தப் பொய் வெளுத்துவிட்டது. வெளுத்தது பொய் மட்டும்தான்.

கடைசியில், எண்ணெய் விளம்பரத்துக்கு மேலே மிச்சமிருந்த இடத்தில், 'கருமையான சருமம் கொண்டவர்கள் மனம் தளர வேண்டாம்' என்று தொடங்கி மூன்று வரி இருந்தது. மனம் தளராமல் படித்தாள். கத்தரிப்பூ நிறம் கண்களை எடுப்பாகக் காட்டும், முதலில் ஐஸ் கட்டியால் ஒத்தடம் கொடுத்துக்கொள்வது நல்லது. அவ்வளவுதான் உபதேசம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஃபேன்சி ஸ்டோருக்குப் போய் எட்டு நிறம் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிவந்தாள்.

வரவேற்பு நாளன்று செம்மண்டலம் வீட்டுப் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு வேலையை ஆரம்பித்தாள். அந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான். டியூப் லைட் வெளிச்சத்தில் வலது கண் ஏதோ சுமாராக வந்தது. இடது கண்ணுக்குப் போனபோது கரண்ட் போய்விட்டது. அந்த வருஷம் கரண்ட் போவதற்கு நேரம் காலம் கிடையாது. இருட்டில் பூசியது தெரியவில்லை என்று இன்னும் கொஞ்சம் பூசினாள். இமைக்குக் கீழேயும் போட்டால் பெரிய கண்ணாகத் தெரியும் என்று அவளுக்கே தோன்றியது. கீழேயும் போட்டாள். பிரஷ் சரியில்லை என்று விரலால் தேய்த்துவிட்டாள். தேய்த்தது கன்ன எலும்பு வரைக்கும் போனது.

வெளியே வந்ததும் சேரனிடம் கேட்டாள். "எப்படி இருக்குது?"

சேரன் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் எடைமேடையில் வேலை பார்ப்பவன். கரும்பு வண்டியின் பாரத்தைத் தவிர வேறு எதைப் பற்றியும் அபிப்பிராயம் சொல்லிப் பழக்கமில்லாதவன். எட்டு வருஷக் குடித்தனத்தில் அவன் கை ஓங்கி அடித்தது கொசுவை மட்டும்தான்.

"நல்லாத்தான் இருக்குது. பஸ்ஸுக்கு நேரமாவுது," என்றான், செருப்பைத் தேடிக்கொண்டே.

சிதம்பரம் பஸ்ஸில் கூட்டம். வெண்மதிக்கு மட்டும் ஓர் அம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். ஏறியதிலிருந்தே எல்லாரும் தன்னைப் பார்ப்பது வெண்மதிக்குத் தெரிந்தது. கண்டக்டர்கூடச் சில்லறை கேட்காமல் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். கத்தரிப்பூ வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் பக்கத்து சீட்டு அம்மா மெதுவாகக் கேட்டார். "ஐஸ் வெச்சியாம்மா?"

இந்த அம்மாவும் அதே பத்திரிகை படிக்கிறாரே என்று வெண்மதிக்கு ஒரே ஆச்சரியம். "வெச்சேங்கா. மொதல்ல அதத்தான் வெச்சேன்."

"வெச்சுமா இப்படி?" அந்த அம்மா நின்றுகொண்டிருந்த சேரனை நிமிர்ந்து பார்த்தார். "இவருதானா?"

"ஆமாங்கா, வீட்டுக்காரரு."

"பாத்தா சாதுவா இருக்காரு."

"சாதுதாங்கா. எப்பவாச்சும் பிடிவாதம் பண்ணுவாரு."

அந்த அம்மா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். புதுச்சத்திரத்தில் இறங்கும்போது சேரனின் காலை நன்றாக மிதித்துவிட்டுத்தான் இறங்கினார்.

மண்டபத்தில் விளக்கு வெள்ளமாக இருந்தது. ஸ்டாஃப் உட்கார்ந்திருந்த வரிசை அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தியது. வெண்மதி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, காயத்ரியின் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். காயத்ரியின் முகம் வெளிறிப் போயிருந்தது. பொறாமை என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று வெண்மதி ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், சந்தோஷப்பட்டாள்.

துறைத் தலைவர் கலியமூர்த்தி சார் எழுந்து, "தம்பி, கொஞ்சம் இப்படி வாங்க," என்று சேரனின் தோளில் கைபோட்டுப் பந்திப் பக்கம் அழைத்துப் போனார். காயத்ரி வெண்மதியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மணமகள் அறையின் குளியலறைக்குள் விட்டுக் கதவைத் தாழ்போட்டாள்.

"எத்தினி நாளா நடக்குது இது?"

"இன்னிக்குத்தான் மொதல்."

"எதால?"

"மொதல்ல பிரஷ்ஷாலதான். சரியா வரலன்னு அப்புறம் கையால."

"பிரஷ்ஷாலயா!" காயத்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு துக்கப்பட வேண்டிய அளவுக்கா மோசமாக இருக்கிறது என்று வெண்மதிக்குக் கலக்கமாகிவிட்டது.

"இங்க பாரு," காயத்ரி குழாயைத் திறந்து கைக்குட்டையை நனைத்தாள். குரல் இறங்கியிருந்தது, ஆனால் தடுமாறவில்லை. "மொதல்ல பச்சத் தண்ணி. சூடா எதுவும் வெக்காத, வீங்கிடும். மறைக்கறேன்னு பவுடர் போட்டுடாத. நம்ம கலருக்குச் சாம்பல் பூத்தாப்ல ஆயி, இன்னும் நல்லாத் தெரியும். ஆரஞ்சு கலர் எதாவது மெல்லிசா தடவணும், லிப்ஸ்டிக்கா இருந்தாலும் பரவால்ல. அந்த நீலத்த அது அமுக்கிடும். அது மேலதான் நம்ம கலர் கிரீம். நாலாம் நாள் மஞ்சளாயிடும், அப்ப ஆரஞ்சு வேணாம்."

'நம்ம கலர்' என்று காயத்ரி தன்னையும் சேர்த்துக்கொண்டது வெண்மதிக்கு இனித்தது. மற்றது எதுவும் புரியவில்லை. புரியவில்லை என்று சொல்வதற்குள் ஈரக் கைக்குட்டை கண் மேல் பட்டது. பூவைத் தொடுவது போல அத்தனை மெதுவாகப் பட்டது.

காயத்ரி கைக்குட்டையை எடுத்துப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் கத்தரிப்பூ நிறம் அப்பியிருந்தது. இன்னொரு முறை ஒற்றினாள். இன்னும் கொஞ்சம் வந்தது.

"வெண்மதி, என்னா இது?"

"ஐ ஷேடோ. கத்தரிப்பூ. நம்ம கலருக்கு எடுப்பா இருக்கும்னு போட்டிருந்துச்சு."

"பூசினதா? நீயே பூசினதா?"

"கரண்ட் போயிடுச்சுப்பா."

காயத்ரி சுவரில் சாய்ந்துவிட்டாள். "நாங்க எல்லாம் உன் வீட்டுக்காரரு அடிச்சிட்டாருன்னு..."

வெண்மதி அப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். நல்ல வெளிச்சத்தில் இடது கண் அவளைத் திருப்பிப் பார்த்தது. யாரோ கைமுட்டியால் குத்திவிட்ட கண்ணேதான். ஐஸ் வைத்தாயா என்று கேட்ட அம்மா, சில்லறை கேட்காத கண்டக்டர், மிதி வாங்கிய சேரன், எல்லாரும் வரிசையாக வந்து நின்றார்கள். "அழகா இருக்கேன்னு எல்லாரும் பாக்கறாங்கன்னு நெனச்சேண்டி," என்றாள். அதைச் சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வெடித்தது. காயத்ரியும் சிரித்தாள். வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் இருக்கத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிரிப்பின் நடுவிலேதான் வெண்மதிக்கு உறைத்தது. ஆரஞ்சு. நாலாம் நாள் மஞ்சள். சிரிப்பு தானாக அடங்கியது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் காயத்ரியும் நிறுத்திக்கொண்டாள்.

"காயத்ரி, உனக்கு எப்படி..."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. காயத்ரி அதை இறுக்கி மூடினாள்.

"அவரு மஸ்கட்ல இல்ல. விருத்தாசலத்துல இருக்காரு. விட்டுட்டு வந்து அஞ்சு வருஷம் ஆவுது. மஸ்கட்டுன்னு சொன்னா வாடகைக்கு வீடு தர்றாங்க. கேள்வி கேக்க மாட்டங்கறாங்க."

வெண்மதி காயத்ரியின் முகத்தைப் பார்த்தாள். இந்தக் கண்களைப் பார்த்துத்தான் இத்தனை நாள் பொருமியிருக்கிறாள். அந்தக் கைத்தேர்ச்சி எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. "அப்ப இன்னும் எதுக்குத் தினமும் போடற?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பிடிக்குது, போடறேன்," என்றாள் காயத்ரி சாதாரணமாக. "திரும்பு. இந்த மூஞ்சியோட வெளிய போனா உன் வீட்டுக்காரர போலீஸ்ல குடுத்துடுவாங்க."

முகத்தைக் கழுவ வைத்துத் துடைத்துவிட்டு, தன் கைப்பையிலிருந்து எடுத்து அவளே பூசிவிட்டாள். "கத்தரிப்பூ நமக்கு ஆவாதுன்னு இல்ல. நீ வாங்கினதுல நீலம் ஜாஸ்தி. செவப்பு ஓடறதா பாத்து வாங்கணும். செம்பு, காப்பிக்கொட்டை, இதெல்லாம் நமக்குத் தனியாத் தெரியாது, கண்ணு மட்டும்தான் தெரியும். கீழ் இமைக்குப் போவவே போவாத." கண்ணாடியில் வெண்மதி தன்னைப் பார்த்தாள். அதே வெண்மதிதான், நன்றாகத் தூங்கி எழுந்த வெண்மதி.

வெளியே வந்தால் பந்தியில் சேரன் இலை முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தான். கலியமூர்த்தி சார் பக்கத்தில்.

"கோவம் எல்லாருக்குந்தான் வருது. அதுக்கு? இனிமே இப்படி நடக்கக் கூடாது தம்பி."

"நடக்காது சார். மன்னிச்சுக்கங்க. பஸ்ஸுதான் சார் காரணம்."

"பண்றதையும் பண்ணிட்டு பஸ்ஸு மேலயா பழியப் போடறீங்க?"

தாமதமாக வந்ததற்குத்தான் இவ்வளவு பேச்சு என்று சேரன் நினைத்துக்கொண்டிருந்தான். பாயசம் பரிமாறியவர்கூட அவன் இலையைத் தாண்டிப் போய்விட்டார். வெண்மதி நின்ற இடத்திலேயே நின்றாள். சொல்லிவிட்டால் சேரன் தப்பிப்பான், அவள் ஜென்மத்துக்கும் கேலிப்பொருள் ஆவாள். சொல்லாவிட்டால்? ஒரு கணம் கணக்குப் போட்டுப் பார்த்தாள் என்பதுதான் உண்மை. அந்தக் கணத்துக்காகப் பின்னால் பல நாள் தன்னையே வைதுகொண்டாள்.

"சார், அவர் அடிக்கல," என்றாள் பந்தி முழுக்கக் கேட்கும்படி. "மேக்கப் சார். நானே பூசிக்கிட்டது. கரண்ட் போயிடுச்சு."

சார் அவள் கண்ணைப் பார்த்தார், சேரனைப் பார்த்தார், இலையைப் பார்த்தார். பிறகு, "பாயசம் இங்க கொண்டாப்பா," என்று கத்தினார்.

திரும்பும் பஸ்ஸில் இருவருக்கும் சீட்டு கிடைத்தது. எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அவள் சிரித்தாள். சேரன் கொஞ்ச நேரம்தான் சிரித்தான்.

"ஒருத்தர்கூட சந்தேகப்படலியே வெண்மதி. பாத்த ஒடனே நான்தான்னு நம்பிட்டாங்களே."

"உன்ன வெச்சு நம்பல. அவுங்க அவுங்க பாத்தத வெச்சு நம்பிட்டாங்க," என்றாள். காயத்ரி சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. வாயில் எதுவும் நிற்காதவள் என்று பேர் வாங்கியவளுக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் தோளில் சாய்ந்துகொள்ளப் போனவள், புதுப் பூச்சு அவன் வெள்ளைச் சட்டையில் ஒட்டிவிடுமே என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

ஸ்டாஃப் ரூமில் ஒரு மாதத்துக்கு அவளுக்குக் 'கத்தரிக்கா மேடம்' என்றே பேர். பேர் விஷயத்தில் அவளுக்கு அனுபவம் இருந்ததால் தாங்கிக்கொண்டாள்.

வரவேற்புக்கு அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காயத்ரியும் அவளும் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனார்கள். காயத்ரி ஒவ்வொரு டப்பாவாகக் கடை வாசல் வெயிலுக்கு எடுத்துவந்து, வெண்மதியின் இமை ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். சேரன் சாலைக்கு எதிர்ப்புறம் பைக்கில் உட்கார்ந்திருந்தான், ஹெல்மெட்டைக் கழற்றாமல். போகிற வருகிறவர்கள் யாராவது பார்த்து வம்பில் மாட்டிவிடுவார்களாம்.

"இது?" என்றாள் காயத்ரி. பழைய செப்புக் குடத்தின் நிறம்.

வெண்மதி சாலையைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கண்ணையும் மூடிக் காட்டினாள். சேரன் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தூக்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு பைக்கை விட்டு இறங்கி, இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, சாலையைக் கடந்து வந்தான்.