கீழடுக்குத் தட்டு ஏன் மஞ்சள்?

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஞானத்தில் பிறக்கவில்லை, நல்ல வெயிலில் பிறந்தது. குதிரைப் பந்தயத்துக்காக மெல்பர்ன் முழுக்க லீவு விடும் செவ்வாய்க்கு முந்தின திங்கள். அன்று ஆய்வுக்கூடத்தில் செல்களுக்குச் சோறு போடும் முறை யாருடையது என்றால்—

(வேண்டாம். இவ்வளவு சீக்கிரம் உளறக் கூடாது.)

2

"மனிதகுலத்தின் மாபெரும் எதிரியான புற்றுநோய்—"

சீ. இப்படித் தொடங்குகிறவர்கள் எல்லாருக்கும் எங்கோ ஒரு நிதி விண்ணப்பம் பாக்கி இருக்கும்.

3

சரி, விஷயம். புற்றுச் செல் ஒரு சர்க்கரைப் பைத்தியம். வாரி வாரித் தின்னும், முழுசாகச் செரிக்காது, பாதியில் அமிலமாக்கித் துப்பிவிட்டு அடுத்த பந்திக்கு உட்காரும். அமிலமாக்குவது ஒரு நொதி.* அதைப் பிடுங்கினால் செல் செத்துவிடும் என்பது வூலாவின் கட்சி.

வூலா எங்கள் கூடத்து ஆராய்ச்சியாளர். கிரேக்கக் குடும்பம், அடுத்த தெருவுக்குக் கேட்கும் குரல். டிசம்பரோடு வேலை முடிகிறது. இந்தச் சோதனை ஜெயித்தால் நீட்டிப்பு. நான் அவளுடைய டெக்னீஷியன்.

செல் வளர்க்கும் பெட்டியின் மேலடுக்கில் சாதாரணப் புற்றுச் செல்கள், கீழடுக்கில் நொதி பிடுங்கியவை. இரண்டுக்கும் சோறு ஒரு சிவப்புத் திரவம்; அமிலம் சேர்ந்தால் மஞ்சளாகும். புதன் காலை திறந்தாள்.

"டேய் பரணி! கீழ எல்லாம் செத்துடுச்சுடா! ஒண்ணுகூட மிச்சமில்ல!"

சாவுக்கு இப்படி ஆடும் கூட்டம் எங்களைத் தவிர எங்கும் இருக்காது. நல்ல முடிவு வந்தால் இனிப்பு கொண்டுவர வேண்டும் என்பது கூடத்து வழக்கம். மறுநாள் டீ அறையில் அவள் அம்மா செய்த, பாகு சொட்டும் ரவை இனிப்பு.

"இன்னொரு துண்டு எடுடா."

"வயிறு சரியில்ல வூலா."

"உனக்கா? தரையில விழுந்த லாமிங்டன் கேக்க ஊதிட்டுத் தின்னவன்டா நீ!"

எங்கள் தலைவி க்ளெனிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் போகணும். ஒண்ணு மட்டும் இடிக்குது. அமிலம் துப்ப முடியாத செல்லுன்னா திரவம் செவப்பாத்தானே இருக்கணும்? கீழ்த்தட்டு ஏன் மஞ்சளா இருக்கு?"

* பெயர் ரயில் பெட்டி நீளம். விட்டுவிடுங்கள்.

4

முதல் வரைவில் இந்த இடத்தில் ட்ரென்ட் என்று ஒருவனை வைத்திருந்தேன். அலைச்சறுக்கு வீரன், பொறுப்பில்லாதவன். திங்களன்று மேலடுக்குக்கு மட்டும் புதுத் திரவம் ஊற்றிவிட்டு, ரோஸ்பட் கடற்கரையில் கறி சுட்டுக்கொண்டிருந்த நண்பர்களிடம் ஓடினான். சோறு போட்ட கணக்குப் பட்டியலில் இரண்டு அடுக்குக்கும் டிக் போட்டான்.

பாத்திரத்தில் உயிர் இல்லை. முகம் எழுத உட்கார்ந்தால், தினம் காலையில் நான் சவரம் செய்யும் முகமே வருகிறது.

ட்ரென்ட் கிடையாது. நான்தான். வெட்கமாக இருக்கிறது.

மஞ்சளுக்கும் காரணம் தெரியும். அந்த நொதிக்குத் தம்பி ஒன்று உண்டு. அண்ணன் போனால் தம்பி கடையைத் திறந்துவிடும். கீழடுக்குச் செல்கள் நொதியில்லாமல் சாகவில்லை. வழக்கம்போலத் தின்று, வழக்கம்போலத் துப்பி, என் புண்ணியத்தில் பட்டினி கிடந்து செத்தன.

5

முடிவு அ: சொல்லிவிடுகிறேன். சோதனையைத் திரும்பச் செய்ய நாளில்லை. வூலா டிசம்பரில் பெட்டி கட்டுகிறாள்.

முடிவு ஆ: சொல்லவில்லை. அவளுக்கு நீட்டிப்பு. இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் யாரோ இதையே செய்து பார்க்கிறார்கள்; எதுவும் சாகவில்லை. அன்று பொய்க்காரி என்று பெயர் வாங்கப்போவது—

முடிவு இ: (காலி. முயன்றேன்.)

6

நடந்ததை மட்டும் சொல்கிறேன். க்ளெனிஸ் கேட்டதற்கு வூலா என் தோளில் கை போட்டுச் சொன்னாள்:

"பட்டினியால செத்திருக்குமோன்னு நானும் யோசிச்சேன். பட்டியலப் பாத்தேன், டிக் இருக்கு. போட்டது இவன். இவன் போட்டா அது போட்டதுதான்."

இன்று வெள்ளி. இதை எழுதி முடித்து, அவளுக்கான மின்னஞ்சலில் ஒட்டி, அனுப்பியும் விட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திறந்து பார்க்கிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், "என்னடா இது, ஜிலேபி ஜிலேபியா?" என்கிறாள்.

அவளுக்குத் தமிழ் தெரியாது; இதுவரை அவள் பேசியதெல்லாம் என் மொழிபெயர்ப்பு. எனக்குத் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியும். நம் இருவரில் ஒருவர் எழுந்துபோய் அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

மணி நாலு இருபது.